மாணவரின் ஆட்டத்தைப் பந்தயப் பொருளாக்க வேண்டாம்

அமெரிக்காவில் இரவில் நடக்கும் கூடைப்பந்து ஆட்டம், நமக்குக் காலை விரிவுரைக்குக் கிளம்பும் நேரத்தில் வருகிறது. எம்ஆர்டியில் நின்றபடியே கைப்பேசியில் அதைப் பார்க்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. இப்போதெல்லாம் ஆட்டத்தைப் பற்றிய பேச்சில் வேறு ஒரு கணக்கும் கலந்துவிடுகிறது. இந்த வீரர் இன்று 15 புள்ளிக்கு மேல் எடுப்பாரா, கீழே நிற்பாரா? எத்தனை ரீபவுண்ட் பிடிப்பார்? எந்த அணி வெல்லும் என்பதை விட்டுவிட்டு, தனி ஒருவரின் எண்ணிக்கைமீது பணம் கட்டும் பந்தயம் இது.

விளையாட்டுப் பந்தயப்பிடிப்பைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்துவந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் ரத்து செய்தது. அதன்பின் 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை அனுமதித்துவிட்டன. அவற்றில் சிலவற்றில் என்பிஏ வீரர்மீது கட்டுவது போலவே பல்கலைக்கழக மாணவர்மீதும் கட்டலாம். செயலியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

முதலில் ஆட்டத்தையே பார்ப்போம். என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். ஓர் அணி பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம்; பருவத்தில் ஏறக்குறைய 30 ஆட்டங்கள்தாம். என்பிஏயில் ஆறாவது தவற்றில்தான் வீரர் வெளியேற வேண்டும், கல்லூரியில் ஐந்திலேயே வெளியேற வேண்டும். என்பிஏயில் 30 அணிகள். கல்லூரிகளின் முதல் பிரிவிலோ 350க்கும் அதிகம். ஆகவே ஒரு மாணவர் இன்று எப்படி ஆடுவார் என்று கணிக்க எண்கள் குறைவு. எண்கள் குறையும் இடத்தில் உள்தகவலுக்கு மதிப்பு கூடும். என்பிஏ அணிகள் யாருக்குக் காயம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். கல்லூரிகளுக்கு நீண்ட காலம் அப்படி ஒரு பொது விதி இல்லை. யாருக்கு முழங்கால் வலி என்பது அவரோடு ஒரே விடுதியில் தங்குபவருக்கும், வகுப்பில் பக்கத்தில் உட்காருபவருக்கும்தான் முதலில் தெரியும். பந்தயம் கட்டுபவரும் அதே உணவகத்தில்தான் சாப்பிடுகிறார்.

அடுத்தது பணம். என்பிஏயில் முழு ஒப்பந்தத்தின் குறைந்தபட்சச் சம்பளமே ஆண்டுக்கு ஒரு மில்லியன் டாலருக்கு மேல். 2021 முதல் மாணவர்களும் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். ஆனால் பெரிய தொகை பெரிய அணிகளின் நட்சத்திரங்களுக்கே போய்ச் சேர்கிறது. சிறிய பல்கலைக்கழகத்தில் மாற்று ஆட்டக்காரராக இருப்பவருக்கு, “இன்று கொஞ்சம் குறைவாக ஆடு” என்று யாரோ நீட்டும் சில ஆயிரம் டாலர் பெரிய தொகைதான். அவர் தோற்கக்கூட வேண்டியதில்லை. இரண்டு பந்தை எறியாமல் விட்டாலே போதும். 2025இல் கலிஃபோர்னியாவின் இரண்டு பல்கலைக்கழகங்களில் ஆடிய மூன்று மாணவர்களுக்கு, தங்கள் ஆட்டங்கள்மீதே பந்தயம் கட்டியதற்காக, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ நிரந்தரத் தடை விதித்தது.

நிபுணத்துவ வீரர்கள் மட்டும் யோக்கியர்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டொராண்டோ அணியின் ஜோன்டே போர்ட்டர், 2024 மார்ச்சில் உடல்நலம் சரியில்லை என்று சொல்லி மூன்றே நிமிடத்தில் ஆட்டத்திலிருந்து விலகினார். அவர் குறைவாகவே எடுப்பார் என்று ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார், வென்றிருந்தால் 1.1 மில்லியன் டாலர் கிடைத்திருக்கும். அடுத்த மாதமே என்பிஏ போர்ட்டருக்கு ஆயுள் தடை விதித்தது. ஆனால் கவனியுங்கள்: அவர் முழு ஒப்பந்த வீரர் அல்லர், குறைந்த சம்பளமுள்ள இருவழி ஒப்பந்தத்தில் இருந்தவர், சூதாட்டக் கடனிலும் சிக்கியிருந்தார். பிறகு அத்தகைய வீரர்கள் ‘குறைவாக எடுப்பார்கள்’ என்று கட்டும் பந்தயங்களைப் பந்தய நிறுவனங்கள் நிறுத்தின. குறைந்த வருமானமும் குறைந்த ஆட்ட நேரமும் உள்ளவரைப் பாதுகாக்க வேண்டும் என்று என்பிஏயிலேயே ஒத்துக்கொண்டார்கள் என்றால், கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாதுகாப்பை மறுக்க என்ன காரணம்?

தடை செய்தால் கள்ளத் தளங்களுக்குப் போவார்கள், அங்கே கண்காணிப்பே இருக்காது என்பது எதிர்வாதம். அதில் உண்மை உண்டு. போர்ட்டர்மீதான பந்தயத்தைச் சந்தேகித்து நிறுத்தியது சட்டப்படி நடந்த நிறுவனம்தான். ஆனால் அந்தக் கண்காணிப்பு பந்தயத்தைப் பிடிக்கும்; பணம் இழந்தவர் இரவு ஒரு மணிக்கு மாணவருக்கு அனுப்பும் மிரட்டலைப் பிடிக்காது. அத்தகைய வசைகளைப் பற்றி என்சிஏஏ தொடர்ந்து சொல்லிவருகிறது. எல்லா மாநிலங்களும் இதைத் தடை செய்ய வேண்டும் என்று அதன் தலைவர் சார்லி பேக்கர் 2024இல் கேட்டுக்கொண்டார். ஒஹாயோ, மேரிலாந்து, லூசியானா போன்றவை செய்தன. மற்ற மாநிலங்களும் செய்ய வேண்டும்.

நம் இளையர்களுக்கும் ஒரு வார்த்தை. உரிமம் இல்லாத தளங்களில் பந்தயம் கட்டுவது சிங்கப்பூரில் குற்றம் என்பது நமக்குத் தெரியும். பணம் கட்டாமலேயே, “இவனால் என் கணக்கு கெட்டது” என்று ஓர் ஆட்டக்காரரின் பக்கத்தில் போய்த் திட்டி எழுதுவதும் நம்மிடையே நடக்கிறது. அவர் நம் வயதுக்காரர். ஆட்டம் முடிந்து மறுநாள் அவருக்கும் விரிவுரை இருக்கிறது.