குழந்தைகள் தரவுப் பாதுகாப்பு விதிகளில் சிறு படைப்பாளர்களுக்கு விலக்கு கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர், காணொளி மற்றும் இணையதளப் படைப்பாளர் சங்கம், காளப்பநாயக்கன்பட்டி, நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
துறைச் செயலர் அவர்கள், புது தில்லி.

பொருள்: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 – பிரிவு 9(4)-இன் கீழ் விலக்கு கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மூன்று கடிதங்கள்.

ஐயா,

கொல்லிமலையிலும் அடிவாரத்திலும் கதை, விடுகதை, பாடம், சமையல் என்று தமிழில் காணொளியும் இணையப் பக்கமும் நடத்துவோரின் சங்கம் இது.

இச்சட்டத்துக்கான வரைவு விதிகள் 2025 ஜனவரியில் வெளியானபோது முதல் கடிதம் எழுதினோம். நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டதும் இரண்டாவது. மூன்றாவதைத் தபாலில் அனுப்பினோம்; ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. குறை அப்படியே இருப்பதால் எழுதியதையே மீண்டும் எழுதுகிறோம்.

கோரிக்கை 1: 18 வயது நிரம்பாத எவருடைய தரவையும் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது பிரிவு 9. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. பிள்ளைகளைக் கண்காணிக்கவும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் தடை. இந்த நோக்கம் எங்களுக்கும் உடன்பாடே. பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகளின் தரவைத் திரட்டியதாக அமெரிக்காவில் எழுந்த வழக்கில், 2019-இல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. 2020 ஜனவரி முதல் ‘குழந்தைகளுக்கானது’ என்று குறித்த காணொளிகளில் ஆளறிந்து காட்டும் விளம்பரமும் கருத்துப் பகுதியும் நின்றன. எங்கள் வருமானம் சரிந்தது. அதற்காக நாங்கள் எங்கும் மனு கொடுக்கவில்லை. பிள்ளைகளை வேவு பார்த்து வரும் காசு எங்களுக்கு வேண்டாம்.

எங்களை வதைப்பது ஒப்புதல் முறைதான். பெற்றோரின் வயதையும் அடையாளத்தையும் நம்பகமான விவரங்களைக் கொண்டோ டிஜிலாக்கர் போன்ற சேவை வழியாகவோ உறுதி செய்யச் சொல்கிறது விதி 10. எங்கள் உறுப்பினர் ஒருவர் மலையில் பாட்டியும் பேத்தியும் சாமை குத்துவதைப் படம் எடுத்தார். தாயும் தகப்பனும் வெளியூரில் கூலி வேலை. பிள்ளையை வளர்ப்பது பாட்டி. அவரிடம் இருப்பது பட்டன் போன். “எம் பேத்திதானே, நான் சொல்றேன், போடுப்பா” என்று தாளில் கைநாட்டு வைத்தார். பெருவிரலில் மை காயுமுன்னே மறுபடி உலக்கையைப் பிடித்துவிட்டார். சட்டம் ஏற்பது பெற்றோரை, அல்லது சட்டப்படியான பாதுகாவலரை. நீதிமன்றம் போய் ஆணை வாங்கி வாருங்கள் என்று அந்தப் பாட்டியிடம் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. பிரிவு 9 நடைமுறைக்கு வர 2027 மே வரை அவகாசம் இருந்தும், அச்சத்தால் அந்தக் காணொளியை எங்கள் உறுப்பினர் வெளியிடவே இல்லை.

வழி சட்டத்திலேயே இருக்கிறது. நிபந்தனைகளோடு சில வகையினருக்கு விலக்கு அளிக்கலாம் என்கிறது பிரிவு 9(4). அதன்படி விதிகளின் நான்காம் அட்டவணையில் மருத்துவமனைகள், கல்வி நிறுவனங்கள், குழந்தைக் காப்பகங்கள் குறிப்பிட்ட அளவுக்கு விலக்குப் பெற்றுள்ளன. பள்ளிக்கூடத்துக்குத் திறந்த கதவு, பள்ளிப் பிள்ளைக்குக் கதை சொல்பவருக்கு ஏன் திறக்கக் கூடாது? புதிய தொழில்முனைவோருக்கான பிரிவு 17(3) எங்களுக்கு உதவாது. அது தளர்த்தும் பிரிவுகளில் 9 இல்லை. எனவே 9(4) ஒன்றையே நம்பி நிற்கிறோம். சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.

பார்வையாளர் விவரங்களைச் சேமிக்காத, குறிவைத்த விளம்பரம் இடாத சிறு படைப்பாளர்களை அதில் சேர்க்க வேண்டும். பிள்ளையை உண்மையில் வளர்ப்பவர் தலைமை ஆசிரியர் முன்னிலையில் தரும் எழுத்து ஒப்புதலை நிபந்தனையாக வைக்கலாம். பிள்ளையோ வளர்ப்பவரோ வேண்டாம் என்றால் அன்றே நீக்கவும் எழுதித் தருகிறோம்.

கோரிக்கை 2: ஒப்புதல் அறிவிப்பின் மாதிரிப் படிவம் தமிழில் வெளியிடப்பட வேண்டும்.

கோரிக்கை 3: தரவுக்கான பொறுப்பு தளத்துடையதா, படைப்பாளருடையதா என்பது எழுத்து மூலம் தெளிவாக்கப்பட வேண்டும்.

கோரிக்கை 4: செம்மேட்டிலும் காளப்பநாயக்கன்பட்டியிலும் விளக்க முகாம் நடத்த ஆவன செய்ய வேண்டும்.

இம்முறை பதிலை எழுத்து மூலம் அளிக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய கடிதங்களின் நகல்கள் – 3, ஒப்புகை அட்டை நகல் – 1.