நிறுத்தச் சொன்ன தியானம்!

1950-களில் பிரிட்டிஷ் அரசு வேலையாக மலாயா சென்றவர் ஜான் மெயின். காலையும் மாலையும் அமைதியாக அமர்ந்து ஒரே மந்திரத்தை மனதுக்குள் சொல்லும் தியானத்தை, அங்கே சுவாமி சத்யானந்தாவிடம் கற்றார். சொல்வது மட்டும் கிறிஸ்தவ மந்திரம்.

பிறகு லண்டனில் ஈலிங் மடத்தில் சேர்ந்தார். 'இது கிறிஸ்தவ ஜெபமுறை இல்லை' என்று அங்கே நிறுத்தச் சொன்னார்கள். மனமில்லாமல் கீழ்ப்படிந்தார்.

பல வருடங்கள் கழித்து, 5-ம் நூற்றாண்டுத் துறவி ஜான் காசியனின் நூலைப் படித்தவருக்கு ஆச்சர்யம். எகிப்துப் பாலைவனத் துறவிகளும் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் ஜெபித்திருக்கிறார்கள்!

1975-ல் அதே ஈலிங்கில் தியானக் குழு தொடங்கினார். மந்திரம், 'மாரநாதா'. அரமேய மொழியில் 'ஆண்டவரே, வாரும்' என்று பொருள். 1982-ல் அவர் மறைந்தார். 1991-ல் அந்தக் குழுக்கள் உலக அமைப்பாக ஒன்றிணைந்தன.