லாரி வந்துவிட்டது, லோடு யார் கையில்?

படப்பைக்கு அருகே ஒரு காலனியைச் சேர்ந்த தம்பி ஒருவர் பத்து ஆண்டுகள் அடுத்தவர் வண்டியில் டிரைவராக இருந்தார். பிறகு அரசு மானியக் கடனில் சொந்தமாக லாரி வாங்கினார். காலனியே கூடி நின்று பூசணிக்காய் உடைத்தது. முன்கண்ணாடியில் அண்ணல் அம்பேத்கர் படம் ஒட்டினார்கள். அடுத்த மூன்று வாரம் அந்த வண்டி வண்டலூர் – வாலாஜாபாத் சாலையோரம் சும்மா நின்றது. புக்கிங் ஆபீஸுக்குப் போகும்போதெல்லாம், “இப்பத்தான் தம்பி லோடு போச்சு, சாயந்திரம் பாருங்க” என்ற ஒரே பதில். கடைசியில் புரோக்கர் ஒருவர் தோளில் கைபோட்டு அன்பாகவே சொன்னார்: “அந்தப் படத்தை எடுத்துட்டா பார்ட்டி யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க தம்பி.”

தம்பி படத்தை எடுக்கவில்லை. மாதத் தவணை மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.

தாம்பரத்தைச் சுற்றி மறைமலைநகர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று ஆலைகள் வரிசையாக வந்த பிறகு, நம் இளைஞர்கள் பலருக்கு ஸ்டியரிங்தான் பிழைப்பு. அடுத்தவர் வண்டியை ஓட்டியவர்கள் சொந்த வண்டிக்கு மாறுவது பெரிய நகர்வு. அதற்குத் திட்டங்களும் உள்ளன. 1974 முதல் தாட்கோ இருக்கிறது. 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும், 6 விழுக்காடு வட்டி மானியமும் கிடைக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். வரவேற்க வேண்டிய திட்டம்தான். ஆனால் திட்டம் வண்டியைத்தான் தரும். லோடு புரோக்கர் கையில் இருக்கிறது.

அது எப்படி அவர் கைக்குப் போனது? ஆலை நிர்வாகம் ஒற்றை லாரிக்காரரோடு பேசாது. பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுக்கும். அந்தக் கம்பெனி தன் வண்டிகள் போதாதபோது சின்னக் கம்பெனியிடமோ புரோக்கரிடமோ வண்டி கேட்கும். புரோக்கர் போனை எடுத்துத் தனக்குத் தெரிந்தவரைக் கூப்பிடுவார். சரக்கு ஒரு மாடி இறங்கும்போதெல்லாம் வாடகையில் ஒரு துண்டு குறையும். கடைசிப் படியில் நிற்பவர்தான் டீசல் போட்டு வண்டியை ஓட்டுகிறவர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரகடத்திலிருந்து ஓசூருக்கு 20,000 ரூபாய் வாடகை பேசியதாக வையுங்கள். அட்வான்ஸ் 14,000. அதிலேயே கமிஷன் 1,000 பிடித்துக்கொண்டு 13,000 கைக்கு வரும். டீசல், டோல்கேட், பேட்டா, ஏற்றுக்கூலி எல்லாம் அதில் கரைந்துவிடும். இறக்கிய இடத்தில் முத்திரை வாங்கிய ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் பேலன்ஸ் 6,000. தவணையும், டயர் தேய்மானமும், வீட்டுச் செலவும் எல்லாம் அந்த ஆறாயிரத்துக்குள்தான். “பெட்டி நசுங்கிடுச்சு”, “லேட்டா போச்சு”, “கம்பெனி இன்னும் பில் பாஸ் பண்ணலை” என்று புரோக்கர் நிறுத்தி வைக்கும் பணம் வெறும் பாக்கி அல்ல, அந்தக் குடும்பத்தின் கூலி. ஆலை வாசலில் இரண்டு நாள் காத்துக் கிடந்ததற்கான ஹால்டிங் பணத்தைக் கேட்டால் அடுத்த லோடு கிடைக்காது. பழைய பண்ணையில் நெல் அளக்கும்போது மரக்கால் யார் கையில் இருந்தது என்று நம் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

புரோக்கர் எல்லோரும் கெட்டவர்கள் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. கம்பெனிப் பணம் இரண்டு மூன்று மாதம் இழுக்கும்போது தன் கைக்காசில் அட்வான்ஸ் தருகிறவர்கள் அவர்களில் உண்டு. நடு வழியில் வண்டி பழுதானால் இரவு இரண்டு மணிக்கும் போனை எடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் இந்தத் தொழில் முழுக்க வாய்ச்சொல்லில், “நம்ம ஆளு” என்ற நம்பிக்கையில் நடக்கிறது. இந்த நாட்டில் “நம்ம ஆளு” என்பதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. மாமன், மச்சான், சொந்த ஊர், சங்கம் என்று போகும் அந்த வலைக்குள், முதல் தலைமுறையாக வண்டி வாங்கிய காலனிப் பையனுக்கு யார் மாமன்?

2021 செப்டம்பரில் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆலைத் தொழிலாளர்கள் போராடி இழப்பீடு பற்றிப் பேச முடிந்தது. அவர்கள் கையில் நியமன ஆணை இருந்தது. அந்த ஆலைகளுக்குப் பாகம் ஏற்றியிறக்கும் ஒற்றை லாரிக்காரருக்கு எந்தக் காகிதம் இருக்கிறது? கைப்பேசியில் நான்கு குறுஞ்செய்திகள் இருக்கும், அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. சரக்கு புக்கிங் செய்யும் கம்பெனி, ஏஜென்ட், புரோக்கர் எல்லோரும் அதன்படி பதிவு செய்தே தொழில் நடத்த வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 93, சரக்கு ஏஜென்ட்டுக்கு உரிமம் கேட்கிறது. அதிக பாரம் ஏற்றினால் 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட வைத்தவரும் அதற்குப் பொறுப்பு என்கிறது சட்டம். ஆனால் சாலையில் மடக்கும்போது அங்கே நிற்பவர் டிரைவர் மட்டும்தான்.

பேலன்ஸ் பாக்கிக்கும் வழி உண்டு. உதயம் தளத்தில் வண்டித் தொழிலைக் குறுந்தொழிலாக இலவசமாகப் பதியலாம். பதிந்தவருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. மாநில அரசின் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். லோடு ஏற்றுவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இனி அந்தக் கண்ணாடிப் படத்துக்கு வருகிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொருளாதாரப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது. பட்டியல் சாதியினரோடு தொழில் செய்ய மறுப்பதும், வழக்கமாக எல்லோருக்கும் தரும் நிபந்தனையில் வேலை தர மறுப்பதும் அதற்குள் அடங்கும். ஊர்க் கட்டுப்பாடு போட்டுக் கடையில் பொருள் தராததைத்தான் நாம் இதுவரை புறக்கணிப்பு என்று நினைத்தோம். புக்கிங் ஆபீஸில் “சாயந்திரம் பாருங்க” என்பதும் அதுவாகலாம். நிரூபிப்பது கடினம் என்பது உண்மைதான். யாரும் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. அதனால்தான் தேதி, நேரம், யார் என்ன சொன்னார், அதே நாளில் வரிசையில் பின்னால் நின்ற எந்த வண்டிக்கு லோடு போனது என்பதையெல்லாம் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பின் 1892இல் நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்த நிலங்கள் கடனுக்கும் கள்ளப் பத்திரத்துக்கும் கைமாறின. அவற்றை மீட்கும் காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். லோடு இல்லாமல் தவணை கட்ட முடியாத வண்டியும் அதே வழியில்தான் போகும். ஆர்.சி. புத்தகம் நம் பெயரில் இருக்கும், சாவி வேறொருவர் கையில் இருக்கும். அரசு மானியத்தோடு வண்டி தரும்போது, அரசு நிறுவனங்களின் சரக்கில் ஒரு பங்கை அந்த வண்டிகளுக்கு நேரடியாக ஒதுக்குவதில் என்ன தடை? நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல்லும் அரிசியும், டாஸ்மாக் பெட்டிகளும் லாரியில்தானே போகின்றன!

நாங்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து தகவல் உரிமைச் சட்டத்தில் மனு ஒன்று எழுதியிருக்கிறோம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் 2007 சட்டப்படி பதிவு செய்த புரோக்கர்கள் எத்தனை பேர், பதிவில்லாமல் தொழில் செய்ததாக நடவடிக்கை எடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறோம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். தம்பியும் கையெழுத்துப் போட்டார். இப்போது அவர் தினமும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறார். முதல் பக்கத்தில் இருப்பது அந்த மூன்று வாரக் கணக்கு.