எலும்புக்கென்றே ஒரு வயிறு

மற்ற கழுகுகள் கறியைத் தின்றுவிட்டு எலும்பை விட்டுப் போகும். தாடிக் கழுகு அந்த எலும்புக்காகத்தான் வரும். அதன் சாப்பாட்டில் முக்கால் பங்கு எலும்புதான். இறக்கையை விரித்தால் எட்டு, ஒன்பது அடி. இமயமலை, ஆல்ப்ஸ், எத்தியோப்பிய மலைகள் என்று செங்குத்துப் பாறையாகப் பார்த்துத்தான் குடியேறும்.

சின்ன எலும்பு என்றால் அப்படியே உள்ளே போய்விடும். தொடை எலும்பு கிடைத்தால் காலில் இடுக்கிக்கொண்டு உயரப் பறந்து, வழக்கமான பாறைமேல் நழுவ விடும். உடையவில்லையா? இறங்கி எடுத்துக்கொண்டு மறுபடியும் மேலே. சலிப்பே கிடையாது. கூரான சில்லுகளைக்கூட வயிற்று அமிலம் ஒரே நாளில் கரைத்துவிடும்.

அலங்காரப் பிரியரும்கூட. இரும்புச் சத்துள்ள செம்மண் சேற்றில் புரண்டு, வெள்ளை நெஞ்சைத் துரு நிறமாக்கிக்கொள்கிறது. ஏன் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. எனக்கென்னவோ சிங்காரம் என்றுதான் படுகிறது.

செத்த ஆட்டின் எலும்பைப் பொறுக்கும் இந்தப் பிராணிமேல் ஐரோப்பாவில் ஆட்டுக்குட்டித் திருட்டுப் பழி விழுந்தது. சுட்டார்கள், விஷம் வைத்தார்கள், கொன்று வந்தவருக்குச் சன்மானமும் கொடுத்தார்கள். ஆல்ப்ஸில் கடைசியாக மிஞ்சியதை 1913இல் இத்தாலியின் அவோஸ்தா பள்ளத்தாக்கில் சுட்டதாகப் பதிவு.

தெற்கு ஸ்பெயினில் பறவை ஒழிந்த பிறகும் பாறைப் பொந்துகளில் கூடுகள் கலையாமல் இருந்தன. ஆராய்ச்சியாளர்கள் 12 கூடுகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்து, 2025இல் கட்டுரை வெளியிட்டார்கள். எலும்பு, குளம்பு, முட்டை ஓடுகளுக்கு நடுவே மனிதர் கைபட்ட பொருட்கள் மட்டும் 226. அதில் ஒன்று புல்லால் பின்னிய செருப்பு. வயது 650 வருஷத்துக்கு மேல். யாருடைய காலில் இருந்ததோ! தலைமுறை தலைமுறையாக ஊருக்குப் பக்கத்திலேயே குடியிருந்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அவ்வளவு காலப் பழக்கத்துக்கு நாம் செய்த மரியாதைதான் அந்தச் சன்மானம்.

அழிக்கத் துப்பாக்கி போதும். மீட்க? 1986இல் ஆஸ்திரிய மலைகளில், கூண்டில் வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுபோய் விடத் தொடங்கினார்கள். அவை வளர்ந்து ஜோடி சேர்ந்து, காட்டிலேயே குஞ்சு பொரித்து வெற்றி கண்டது 1997இல். இரண்டு முட்டையிட்டாலும் தேறுவது ஒன்றுதான் என்றால் மீட்பு வேகமாக எப்படி நடக்கும்?

நம் நாட்டில் இமயமலையில் இன்னும் இருக்கிறது. லடாக், ஸ்பிதி பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். நீண்ட இறக்கையும், வெட்டிய வைரம் போல் முனை கூர்ந்த வாலும் தெரிந்தால் அதுதான்.