கம்பஸ் போன பிள்ளை வீட்டில் உண்மை பேசட்டும்

உயர்தரப் பரீட்சை முடிவு வந்து ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தால் அது முழு லயத்துக்கும் சந்தோஷம். கோயிலில் மாலை போடுகிறோம், தோட்டத்து வாசலில் பதாகை கட்டுகிறோம். அந்தப் பெருமை நியாயமானது. இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். அந்தப் பின்தங்கலைத் தாண்டித்தான் நம் பிள்ளைகள் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் போகிறார்கள்.

ஆனால் போன பிறகு வரும் முதல் வருடத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளைக்கு அங்கே பல பீடங்களில் ஆங்கிலத்தில் விரிவுரை. சாப்பாடு, போட்டோ கொப்பி, பஸ் காசு என்று தினமும் செலவு. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியத்தின் உதவித்தொகை, பிள்ளை போய்ச் சேர்ந்த நாளிலேயே கைக்கு வருவதில்லை. இதற்கு நடுவில் பகிடிவதையும் இருக்கிறது.

இவ்வளவும் நடக்கும்போது தொலைபேசியில் பிள்ளை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “எல்லாம் நல்லா இருக்கும்மா.”

ஏன் மறைக்கிறது? “நாங்க மலையேறி கஷ்டப்பட்டது போதும், நீதான் எங்கள கரை சேர்க்கணும்” என்று அன்பாகத்தான் சொல்லி அனுப்புகிறோம். அந்த வார்த்தையின் பாரம் பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகிறது. ஒரு பாடத்தில் தவறினாலும் சொல்லாது, பசியோடு படுத்தாலும் சொல்லாது. உள்ளுக்குள் உடைந்துபோன பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

பல்கலைக்கழக வாசலை மிதிக்காத தாய் தகப்பனாலும் பெரிய உதவி செய்ய முடியும் என்பதே நமது கருத்து. கெட்ட செய்தியையும் பயமில்லாமல் சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருந்தால் போதும்.

“எப்ப முடியும், எப்ப வேலை கிடைக்கும்?” என்று கேட்பதை விடுவோம். “இன்னைக்கு என்ன சாப்பிட்ட? ரூம்ல யாரு இருக்கா? எந்தப் பாடம் வெளங்கல?” என்று கேட்போம். ஆங்கிலம் தடுமாறுவது மக்குத்தனம் அல்ல, தவறிய பாடத்தைத் திரும்பவும் எழுதலாம் என்று நாமே முதலில் சொல்லிவைப்போம்.

காசு விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் அனுப்ப முடியும் என்று சொல்லிவிட வேண்டும். நகையை அடகு வைத்தும் நுண்கடன் எடுத்தும் ஒரேயடியாக அனுப்புவதைவிட, குறைவாக இருந்தாலும் தவறாமல் அனுப்புவது நல்லது. மகாபொல காசை வீட்டு வருமானத்தில் சேர்த்துக் கணக்குப் போடக் கூடாது. அது பிள்ளையின் சாப்பாட்டுக் காசு.

பகிடிவதை என்று பிள்ளை வாய் திறந்தால், “எல்லாரும் பட்டதுதானே, பொறுத்துக்கோ” என்று சொல்லாதீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். மாணவ ஆலோசகரிடமும், தேவைப்பட்டால் பொலிசிலும் முறையிட வேண்டும். தனியாகப் போகத் தயங்கும் பெற்றோர் தொழிற்சங்கத்துக்கு அறிவியுங்கள்.

இதை ஒரு வீட்டின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. வருமானச் சான்றிதழுக்காகக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அலையும் தாய்க்கு ஒவ்வொரு நாளும் ஒரு பேர் நட்டம். தோட்டத் தலைவர்மார் கூடப் போய் அலைச்சலைக் குறைக்க வேண்டும். பிள்ளையைப் பதிவு செய்யக் கூட்டிப்போகும் நாளில் பெற்றோருக்குச் சம்பளத்தோடு லீவு தரும்படி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். ஏற்கெனவே கம்பஸில் படிக்கும் நம் தோட்டத்து, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்களைப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், இந்த வருடம் போகும் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, யார் யாருக்குப் பொறுப்பு என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். பதாகைக்குக் காசு சேர்க்கிற நமக்கு இது முடியாத காரியமில்லை.