அம்மாவின் கால்களைப் பாருங்கள்

கேமரன் மலையில் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் சரிவுகளின் பச்சையைப் படம் பிடித்துத் திரும்புகிறார்கள். அந்தச் சரிவுகளில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய நம் பெண்களின் முழங்காலை யார் பார்த்தார்கள்? நேரான காலிலேயே உடல் எடையின் பெரும்பங்கு முழங்காலின் உட்புறத்தில்தான் இறங்குகிறது. கால் வில்லாக வெளியே வளைந்திருந்தால் அந்தச் சுமை இன்னும் கூடும். குருத்தெலும்பு தேயும், தேயத் தேய வளைவும் வளரும். ஏற்கெனவே தேய்மானம் கண்ட முழங்காலில் இந்த வளைவும் சேர்ந்தால், உட்புறத் தேய்மானம் 18 மாதங்களில் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு என்று 2001இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஐம்பதைத் தாண்டிய பெண்களை இந்த முழங்கால் தேய்மான நோய் ஆண்களைவிட அதிகம் பிடிக்கிறது. மேட்டிலிருந்து இறங்கும் நடையோ முழங்காலை மேலும் வருத்தும். இவ்வளவு தெரிந்த பிறகும் 'வயசாச்சும்மா' என்று வலி மாத்திரையோடு அனுப்பிவைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நிற்கவைத்து இடுப்பு முதல் கணுக்கால் வரை ஓர் எக்ஸ்ரே எடுத்தால் வளைவு தெரிந்துவிடும். சீக்கிரம் தெரிந்தால் தொடைத்தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, சிலருக்கு எலும்பை நேராக்கும் அறுவைச் சிகிச்சை என வழிகள் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளே, அம்மா நிற்கும்போது கால்களைக் கவனியுங்கள். வளைவு தெரிந்தால் தானா ராத்தா மருத்துவமனைக்கு இந்த மாதமே அழைத்துப் போங்கள்.