முழக்கம் போதும், கணக்கு வேண்டும்!



மதுவிலக்கு வேண்டுமென மேடைதோறும் முழங்குகின்றோம். வள்ளுவப் பேராசான் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தாரென நினைவூட்டுகின்றோம். அவ்வதிகாரத்தை முப்பதாண்டுகளாக வகுப்பறையில் நடத்தி வருபவன் யான். எனினும், கடையை மூடினால் ஊருக்கு என்ன நேரும் என்று ஒருவர் வினவின், சான்று காட்டி விடையிறுக்க என்னால் இயலவில்லை.

எங்கள் ஊர்க் கடை மூடப்பட்டபின் என் மாணவன் ஒருவனின் தாயார் சொன்னார்: "இப்போது அவர் பக்கத்து ஊருக்குப் போய்க் குடிக்கிறார் ஐயா. பேருந்துக் கட்டணமும் எங்கள் சோற்றுப் பணத்தில்தான் போகிறது." அதே தெருவில் மற்றொரு தாயாரோ, "பெண்பிள்ளைகள் மாலையில் அச்சமின்றி நடக்கிறார்கள், அதுவே போதும்" என்றார். இரண்டும் மெய்யே. எது மிகுதி? அளந்தாலன்றோ அறியலாம்!

1937 அக்தோபர் முதல்நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாநிலம் முழுவதும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. பின்னர்ப் பலமுறை மாறிற்று. 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகின்றது. மதுவிலக்குப் போயிற்று, அதற்கு ஈடாக வந்த வரியோ வேறு பெயர்களில் தொடர்கின்றது!

2016, 2017, 2023 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஐந்நூறு ஐந்நூறாக 1,500 கடைகள் மூடப்பட்டன. அவ்வூர்களில் குடி குறைந்ததா, இடம் மாறியதா? அரிசிக்கடையில் கடன் அடைந்ததா? பள்ளியை விட்டு நின்ற பிள்ளை திரும்பியதா? கள்ளச்சாராயம் நுழைந்ததா? அரசுக் கடைகள் திறந்திருந்தபோதே, 2024இல் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஆகவே, கடை இருந்தால் கள்ளச்சாராயம் வாராது என்பாரும், கடையை மூடினாலே குடி ஒழியும் என்பாரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாய்வை அரசே செய்யட்டும் என்பீர்களோ? 2023-24இல் மட்டும் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி உருபாவுக்கு மேல். அதனிடம் இப்பணியை ஒப்படைத்தல், பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதை ஒக்கும்.

எனவே பொருளை நாமே திரட்டுவோம். திங்களுக்கு ஒருநாள் தேநீர்ச் செலவை ஒவ்வொருவரும் ஒதுக்கினால் போதும். கடை மூடிய ஊர் சிலவற்றையும் மூடாத ஊர் சிலவற்றையும் தேர்ந்து, பயிற்சி பெற்ற இளைஞர் வீடுவீடாகச் சென்று, ஈராண்டு கணக்கெடுக்கட்டும். பெண்களைத் தனியே கேட்கட்டும்.

மூன்று உறுதி வேண்டும். கட்சிப் பணமும் சாராய ஆலைப் பணமும் தொடலாகாது. வரவு செலவு ஊரறிய வெளிவரல் வேண்டும். முடிவு நம் கொள்கைக்கு மாறாயினும் ஓர் எழுத்தும் மறைக்கலாகாது. மாறாக வருமோ என்று அஞ்சுபவன் மதுவிலக்கை விரும்புபவனல்லன்; தன் முழக்கத்தையே விரும்புபவன்.

அந்தத் தாயார் இருவருக்கும் நாம் விடைசொல்லக் கடமைப்பட்டுள்ளோம். வாய் பேசியது போதும். இனிக் கை கொடுக்கட்டும்.